நீக்கியவர் கோகிலவாணி

ஜூன் 6, வெள்ளி

காலையிலேயே ரத்தம் கொதித்துவிட்டது. சதாசிவம் சார் நேற்று பார்த்து முடித்த கொரியத் தொடரைப் பற்றி எழுதுகிறேன் என்று தொடங்கி, கொலைகாரன் யார் என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மற்றவர்கள் பார்க்க வேண்டாமா? இரண்டாம் விதியில் தெளிவாக எழுதியிருக்கிறேன்: முடிவைச் சொல்லக் கூடாது. நீக்கினேன். "மன்னிக்கணும் மேடம்" என்று கைகூப்பும் படம் போட்டார். கைகூப்பும் படமும் முதல் விதிப்படி தவறு. அதை விட்டுவிட்டேன்.

நான்கு வருடமாக இந்த 'வெள்ளி வட்டம்' வாட்ஸாப் குழுவை நான்தான் நடத்துகிறேன். மாவடிப்புதூர் மாதிரி ஒரு சிறு நகராட்சியில் இருநூற்றுப் பதினான்கு பேர் வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று தலைப்பில் எழுதுகிறார்கள்: படித்தது, பார்த்தது, கவனித்த செய்தி. பூங்கொத்து கிடையாது, சாமி படம் கிடையாது. நான்கே விதிகள். நான்காவது: ஆதாரமில்லாத அரசியல் செய்தி கூடாது. இந்த நான்கையும் காப்பாற்ற நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்றைய நல்ல பதிவு ஹேமலதாவுடையது. தனியார் கல்லூரியில் நூலகராக இருக்கிற பெண். இருபத்தொன்பது வயது, ஐந்தாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று ஒரு பயணக் கதையைச் சத்தம்போட்டுப் படிக்கிறாளாம். "திபெத்து வந்ததும் உதைக்க ஆரம்பிச்சிருச்சு" என்று எழுதியிருந்தாள். அறுபது பேர் சிரித்தார்கள். நானும்தான்.

மதியம் அச்சகத்துக்காக நீரிழிவு உணவுப் புத்தகத்தின் மெய்ப்பு முப்பது பக்கம் பார்த்துப் பிழை திருத்தினேன். அச்சுக்கோத்தவர் எல்லா இடத்திலும் 'வெந்தையம்' என்றே போட்டிருக்கிறார். கீழே தம்பி வீட்டுச் சுத்திகரிப்பு மிஷினில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து மேலே தூக்கி வந்தேன். முழங்கால் வலி.

ஜூன் 9, திங்கள்

ரோஜாப்பூ அனுப்பியவர்கள் மூன்று பேர். மூவருக்கும் எச்சரிக்கை.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஒரு பதிவை நீக்க வேண்டியதாயிற்று. குழுவில் யாராவது பிறகு கேட்டால் சொல்ல வசதியாக இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன்.

எழுதியவர் நவமணி. வாய்க்கால்மேட்டுத் தெரு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஹேமலதா சேர்த்துவிட்டவர். இதுவரை வாயே திறந்ததில்லை. இன்று காலை பத்து மணிக்கு:

"படித்தது: பையனோட எட்டாங் கிளாஸ் அறிவியல் புக்கு, தன்னி பாடம். பார்த்தது: எங்க தெரு கொழாய். சாக்கட நாத்தம் அடிக்குது. கவனித்த செய்தி: எங்க தெருவில நாலு பேருக்கு மஞ்ச காமால. வாந்த்தி. முனிசிபாலிட்டில சொன்னா ஒருத்தரும் வரல. இதே தொட்டி தன்னிதான் பள்ளிகூட வீதிக்கும் வருது. எல்லாரும் காச்சி குடிங்க."

'வாந்த்தி'! 'தன்னி' இரண்டு இடத்தில். எழுத்துப்பிழையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பாடுபட்டு வகுத்த மூன்று தலைப்புகளையும் கேலி செய்வதுபோல் இருந்ததுதான் சுள்ளென்று பட்டது. நான்கு பேர் என்கிறார், எந்த மருத்துவர் சொன்னார்? தண்ணீரால்தான் வந்தது என்று யார் கண்டுபிடித்தது? நகராட்சி மீது குற்றம் சொல்வதால் இது அரசியல். ஆதாரம் இல்லை. நான்காம் விதி.

பதினோரு மணிக்குத் தம்பி மூர்த்தி மேலே வந்தான். பொதுவான பேச்சு. பன்னிரண்டு மணிக்குப் பதிவை நீக்கினேன்.

மூர்த்தி எங்கள் வார்டு கவுன்சிலர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு யாருடைய வார்டாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 14, சனி

நவமணி மறுபடியும் போட்டார். இந்த முறை ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் படம். டீத்தூள் போட்டதுபோல் ஒரு நிறம். மறுபடியும் நீக்கி, ஆதாரம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதச் சொன்னேன். எழுதவில்லை, குரலில் அனுப்பினார்.

"ஏனுங்க மேடம், ஆதாரம் வேணுமுன்னு கேக்கறீங்க. ஆதாரம் எம்பட ஊட்டுக் கொழாய்லதானுங்க வருது. காலைல ஆறு மணிக்கு வந்தீங்கன்னா நானே சொம்புல புடிச்சுக் குடுக்கறேன். குடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

என்ன திமிர்! யாரிடம் பேசுகிறோம் என்ற மட்டுமரியாதை இல்லை. நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே குழுவில் மூன்றாவது முறையும் போட்டுவிட்டார். அதையும் அழித்து, அவரைக் குழுவை விட்டே நீக்கினேன். ஒன்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். "நல்ல நிர்வாகம்" என்றார் சதாசிவம் சார்.

ஹேமலதா மட்டும் தனியாகக் கேட்டாள்: "மேடம், நவமணி அக்கா என்ன போட்டாங்க? நான் காலேஜ்ல இருந்தேன், பாக்கறதுக்குள்ள போயிருச்சு." வழக்கமான வதந்திதான் என்று எழுதினேன். "ஓ, சரிங்க மேடம்" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

குழு ஆரம்பித்ததிலிருந்து இதுதான் மிகச் சிறந்த வெள்ளி. அறுபத்தொரு பதிவுகள். சதாசிவம் சார் ஓர் ஆவணப்படத்தைப் பற்றி எழுதியிருந்தார். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைநாட்டில் சுரங்கக் கம்பெனி ஆற்றை விஷமாக்கிவிட்டதாம். ஊர்ப் பெண்கள் குடத்தோடு போய் மந்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்தார்களாம். உடனே பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை அநியாயம்! தண்ணீரைக் கெடுத்தவர்களும் அதைத் தெரிந்தே மூடி மறைத்தவர்களும் எந்த முகத்தோடு நடமாடுகிறார்கள்? நான்கு பத்தி எழுதினேன். நாற்பத்தேழு இதயங்கள் விழுந்தன. "மேடத்தின் அறச்சீற்றம்" என்று ஒருவர் எழுதினார். 'அறச்சீற்றம்' பிழையில்லாமல்.

ஜூன் 27, வெள்ளி

வாய்க்கால்மேட்டுக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்திருப்பதாக மூர்த்தி சொன்னான். அவனும் ஓடியாடி வேலை செய்யத்தான் செய்கிறான். அதையெல்லாம் யாரும் வெள்ளிக்கிழமை எழுதுவதில்லை.

ஜூலை 4, வெள்ளி

சந்தையில் நவமணியைப் பார்த்தேன். அவருடைய வாட்ஸாப் படத்தில் பார்த்த முகம் என்பதால் அடையாளம் தெரிந்தது. கீரைக்காரியிடம் கீழாநெல்லி இரண்டு கட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் நழுவப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"அட்மின் மேடம்ங்களா? நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கேன். யாருக்கு இது?"

"மாமியாருக்குங்க. கண்ணெல்லாம் மஞ்சளாட்டப் போச்சு. இப்பத் தெருவுல பதினோரு பேருங்க. நாலுன்னு அன்னிக்குப் போட்டேன், அது தப்பாப் போச்சு. நீங்க எடுத்து வுட்டதும் நல்லதுதானுங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது.

"லாரித் தண்ணி வருதே?"

"ஒரு நாளு வந்துதுங்க. போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டாங்க. மறுக்கா வரலைங்க."

பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன். மூர்த்தி படம் எடுத்துப் போட்டதை நானும் பார்த்திருந்தேன். பச்சை லாரி, குடங்களோடு பெண்கள் வரிசை. ஒரு நாள்தான் வந்தது என்று இவர் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

நீரிழிவுப் புத்தகம் முடிந்தது. நூலாசிரியரின் முன்னுரையில் எனக்கு நன்றி இல்லை. பதினாறு பக்கம் முன்னுரை எழுதத் தெரிகிறது.

ஜூலை 11, வெள்ளி

பதிவுகள் முப்பது. ஏதோ ஒரு நாட்டுத் தேர்தலைப் பற்றி இரண்டு பேர் சண்டை. இருவரும் அந்த நாட்டுக்குப் போனதில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஹேமலதா ஐந்தே வரி எழுதியிருந்தாள். "படித்தது: பாதிப் பக்கம். அதுக்கு மேல ஓடலை. பார்த்தது: சீலிங் ஃபேன். செய்தி: சோத்து வாசம் வந்தாலே குமட்டுது, ஏழாம் மாசத்துலயுமா இப்படி?" எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொன்னேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

ஜூலை 25, வெள்ளி

ஹேமலதா எழுதவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஹேமலதாவின் கணவர் ஜெகதீஷ் அவளுடைய போனிலிருந்து எழுதியிருக்கிறார். மஞ்சள் காமாலை, கல்லீரலைப் பாதித்துவிட்டதாம். கோவை ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. நாற்பது பேருக்குப் போன் செய்தேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று பேரைக் காரில் ஏற்றி அனுப்பினேன். இந்தக் குழு இதற்காகத்தான் இருக்கிறது. ஜெகதீஷ் போனில் அழுதார். "வெளியில எதுவுமே சாப்பிட மாட்டாளுங்க மேடம். ஊட்டுச் சாப்பாடுதான். எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றார்.

கல்லூரிக் கேண்டீனாக இருக்கும் என்றேன். இந்தக் கேண்டீன்காரர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும். சுத்தம் என்றால் என்ன என்று தெரியாத ஜென்மங்கள்.

அவர்கள் வீடு பள்ளிக்கூட வீதி.

ஜூலை 29, செவ்வாய்

குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. ஹேமலதாவுக்கு இன்னும் நினைவு முழுதாகத் திரும்பவில்லை.

ஜூலை 30, புதன்

மதியம் மூர்த்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழே போனேன். அவன் மனைவி மோர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

"பள்ளிக்கூட வீதிக்கும் வாய்க்கால்மேட்டுக்கும் ஒரே லைனாடா மூர்த்தி?"

"ஒரே தொட்டிதானுங்க்கா. ஏனுங்க?"

"அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணுனீங்களா?"

"அனுப்புனோம். மே மாசக் கடைசீல."

"என்ன வந்துது?"

அவன் மோர்ச் சோற்றைப் பிசைந்தான். "சரியில்லைன்னுதான் வந்துச்சுங்க. சாக்கடை எங்கியோ ஒரு எடத்துல கலக்குது. புது லைனுக்கு எழுதிப் போட்டிருக்கறோம். அது வர்ற வரைக்கும் வெளிய தெரிஞ்சா ஊரே கலாட்டா ஆயிருமுன்னு ஆபீஸ்ல பதனமா இருக்கச் சொன்னாங்க."

"ஹேமலதா கொழந்தை செத்துப்போச்சுடா."

"கேள்விப்பட்டனுங்க. எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது. அதுக்கு நானென்ன பண்றது? எம்மேல மட்டும் ஏனுங்க்கா இப்படிப் பாக்கறீங்க? நீங்களுந்தான அன்னிக்குச் சரின்னு எடுத்து வுட்டீங்க?"

அவன் சொன்னதை இங்கே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேலே வந்துவிட்டேன். மே மாதக் கடைசி! இரண்டு மாதம் தெரிந்திருக்கிறது. ஒரு தண்டோரா போட முடியாதா? ஆட்டோவில் மைக் கட்டி, காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஓட்டுக்கு மட்டும் நாளுக்கு நான்கு முறை ஆட்டோ வந்ததே. எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு ஜெகதீஷ் குழுவில் எழுதினார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஹேமா இப்போ பரவாயில்லை. டாக்டர் இது தண்ணியில வர்ற காமாலைன்னு சொல்றாங்க. எங்க வீதியில இன்னும் ஆறு பேருக்கு இருக்கு. ஹேமாவோட போன்ல பழைய மெசேஜ் பாத்துட்டிருந்தேன். ஜூன் 13, ஜூன் 14 ரெண்டு நாள்லயும் நவமணிங்கறவங்க போட்டது நீக்கப்பட்டிருக்கு. நீக்கியவர் அட்மின் கோகிலவாணின்னு காட்டுது. அதுல என்ன இருந்துச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

இருநூற்றுப் பதின்மூன்று பேர். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒருவரும் பேசவில்லை. பத்து மணிக்கு ஒருவர், "இந்த நேரத்தில் இதை அரசியலாக்க வேண்டாம், எல்லோரும் பிரார்த்திப்போம்" என்று எழுதினார். இதயங்கள் விழுந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தகப்பன் கேட்கிறான். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து கேட்கிறான். இதிலென்ன அரசியல்? உங்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே இல்லையா? இப்படியே தட்டச்சு செய்தேன். அனுப்பும் முன், அரசியல் என்ற சொல்லை அந்த மனிதர் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டார் என்பது உறைத்தது. அழித்தேன்.

ஜெகதீஷுக்கு நான் பதில் எழுதவில்லை. இன்று யாரும் படித்ததையும் பார்த்ததையும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஜெகதீஷ் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. புதிய மெய்ப்பு வந்திருக்கிறது, கோயில் தலவரலாறு. ஒரு பக்கம்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜூன் 13 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குத் தம்பி வந்தது பொதுவான பேச்சுக்கு இல்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "அக்கா, அந்த வாய்க்கால்மேட்டுக்காரி உங்க குரூப்புல தண்ணியப் பத்தி என்னமோ போட்டிருக்கறாளாமா. சித்த எடுத்து வுட்டுருங்க."

"நெசமாடா?" என்று கேட்டேன்.

"நெசமோ பொய்யோ, பத்து நாள்ல சரி பண்ணிருவோம். அதுக்குள்ள எம் பேரு நாறிப்போயிரும். நீங்க நம்ம மிஷின் தண்ணிதான குடிக்கறீங்க, உங்களுக்கென்னங்க்கா?"

நெசமா என்று கேட்டவள் நான். அவன் இல்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தவளும் நான். பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். என் வேலை பிழை கண்டுபிடிப்பது. 'வாந்த்தி'யைக் கண்டுபிடித்தேன், 'தன்னி'யைக் கண்டுபிடித்தேன், மூன்று தலைப்பைக் கேலி செய்ததாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு விதியாகத் திரண்டதும் நீக்கினேன். பதினெட்டு வருடம் முன்பு நான் புருஷனை விட்டு வந்தபோது மாடியைக் கொடுத்தவன் மூர்த்தி. வாடகை கேட்டதில்லை. அதுவும் மனதில் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

மறுநாள் ஹேமலதா கேட்டாள். தனியாக, மரியாதையாக, என்னிடமே கேட்டாள். காய்ச்சிக் குடி என்று இரண்டு சொல் எழுதியிருக்கலாம். தம்பிக்குக்கூடத் தெரிந்திருக்காது. வதந்தி என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குக் குழுவில் எழுதினேன். நவமணியின் மூன்று பதிவுகளையும் நாட்குறிப்பிலிருந்தும் நினைவிலிருந்தும் எடுத்துப் போட்டேன். யார் சொல்லி நீக்கினேன் என்பதை எழுதினேன். மே மாதப் பரிசோதனையில் தண்ணீர் சரியில்லை என்று வந்ததை எழுதினேன். ஹேமலதா கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதினேன். வாய்க்கால்மேடு, பள்ளிக்கூட வீதி இரண்டும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதினேன். எட்டு வாரம் தாமதமாக.

பத்து நிமிடத்தில் பதினேழு பேர் வெளியேறினார்கள். நகராட்சியில் வேலை பார்க்கும் இரண்டு பேர் முதல் ஆளாக. மாலைக்குள் முப்பத்தொன்று. சதாசிவம் சார், "உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவுக்குத் தலைவணங்குகிறேன்" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும்தான் இன்று மிக அதிகமாகக் கோபம் வந்தது. ஒரு குழந்தை செத்த பிறகு வருவதற்குப் பெயர் துணிவா? எதற்கெடுத்தாலும் ஒரு மதிப்புரை எழுத வேண்டுமா இந்த மனிதருக்கு? ஜூன் 14 அன்று "நல்ல நிர்வாகம்" என்றவரும் இவர்தானே.

ஜெகதீஷிடமிருந்து ஒரே வரி: "படிச்சேன். எங்க வீட்டுக்கு வராதீங்க."

பதினோரு மணிக்கு மூர்த்தி மேலே வந்தான். இந்த முறையும் செருப்பைக் கழற்றவில்லை.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறீங்க? அத்தனை சேனல்காரனும் போன் பண்றான். கட்சியில வெளக்கம் கேக்கறாங்க. கூடப் பொறந்தவ பண்ற வேலையா இது?"

"கூடப் பொறந்தவனா நீ என்கிட்ட என்னத்தடா கேட்ட?"

"நாங் கேட்டா? நீங்க என்ன பச்சைப் புள்ளையா? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் அழுதால் எனக்கும் அழுகை வரும். இன்று வரவில்லை.

"இனி ஒரே ஊட்டுல இருக்க முடியாதுங்க. நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அச்சகத்து முதலாளி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை காட்டினார். ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம். பிடித்துக்கொண்டேன். ஒரு ஆட்டோ நிறையப் புத்தகம், ஒரு பெட்டி துணி. மூர்த்தி வீட்டில் இல்லை. அவன் மனைவி கேட் வரை வந்து நின்றாள்.

குழுவின் பொறுப்பைச் சதாசிவம் சாரிடம் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாய்க்கால்மேட்டுக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டிய இடம். மாவடிப்புதூரிலேயே ஐம்பத்தொரு வருடமாக இருக்கிறேன், அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது இதுதான் முதல் முறை.

நவமணி வீட்டு வாசலில் பாய் விரித்துப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாளை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், மனு எழுதுகிறார்கள்.

"மன்னிச்சிருங்க நவமணி" என்றேன். வழியெல்லாம் வேறு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு, குழுவில் அவரை மறுபடியும் சேர்க்கச் சொல்வதாகவும், அவரையே அட்மினாகப் போடச் சொல்வதாகவும் உளறினேன்.

"எனக்கெதுக்குங்க குரூப்பு? எனக்குத் தண்ணி வேணுமுங்க" என்றார். அவருடைய மாமியார் ஜூலைக் கடைசியில் இறந்துவிட்டார். அதையும் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போய்விடலாம் என்று திரும்பினேன். நவமணி என்னைக் கூப்பிடாமல், பாயில் இருந்த வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து நல்லா இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"அப்பச் சொல்றதை எழுதுங்க."

உட்கார்ந்தேன். அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். எந்தத் தேதியில் நாற்றம் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் யாருக்கு வாந்தி, நகராட்சியில் யாரிடம் சொன்னார்கள், அவர் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு வீட்டுக் கதவெண்ணும், ஒவ்வொரு நோயாளியின் வயதும். முப்பத்தெட்டுப் பேர், இரண்டு சாவு, ஹேமலதாவின் குழந்தையோடு மூன்று. ஒரு தேதிகூடத் தடுமாறவில்லை அவர்களுக்கு. இதைத்தான் ஆதாரம் இல்லை என்றேன்.

கடைசிப் பக்கத்தில் நவமணி சொன்னார்: "தெரிஞ்சும் ஊருக்குச் சொல்லாம மறைச்சவங்க பேரையெல்லாம் வரிசையா எழுதுங்க."

நகராட்சி ஆணையர் என்று எழுதினேன். பொறியாளர் என்று எழுதினேன். மூன்றாவதாக, வார்டு உறுப்பினர் ரத்தினமூர்த்தி. எழுதும்போது எழுத்து கொஞ்சம் கோணியது, மற்றபடி எழுதிவிட்டேன்.

"அப்புறமுங்க?" என்றார் நவமணி.

நிமிர்ந்து பார்த்தேன். சுருக்கென்று கோபம் வந்தது. குழுவில் அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று. வீட்டை விட்டு வந்தாயிற்று. கூடப் பிறந்தவன் பெயரை என் கையாலேயே எழுதியாயிற்று. இன்னும் என்ன வேண்டும் இந்தப் பெண்ணுக்கு?

"நான்தான் குரூப்புல சொல்லிட்டனே."

"குரூப்புல சொன்னது குரூப்புக்குங்க. இது கலெக்டருக்கு."

அங்கிருந்த பத்துப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்காவது பெயரை எழுதினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திங்கட்கிழமை நடந்ததை எழுத இன்றுதான் முடிந்தது.

புதன்கிழமை வாய்க்கால்மேட்டில் குழி தோண்டினார்கள். சாக்கடைக்கு அடியில் குழாய் ஒரு முழ நீளத்துக்கு இற்றுப்போய்க் கிடந்ததாம். பார்த்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள் என்று நவமணி போனில் சொன்னார். இப்போது தினமும் இரண்டு லாரி வருகிறது. விசாரணைக்கு ஓர் அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள். மூர்த்திக்கும் எனக்கும் ஒரே நாளில் ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஹேமலதா வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரோடும் பேசுவதில்லையாம். நான் போகவில்லை, போக மாட்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நாங்கள் பதினான்கு பேர் வரிசையில் நின்றோம். மனுவைப் பதிவு செய்யும் மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர். மனுவைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்து, விரலை வைத்துப் பெயர்களைப் படித்தார்.

"கோகிலவாணி, வெள்ளி வட்டம் அட்மின். இது யாரு? அதிகாரியா?"

"நான்தானுங்க" என்றேன்.

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நீங்க மனு குடுக்க வந்தவங்களா, இல்ல உங்க மேல மனு குடுத்திருக்காங்களா?"

பக்கத்தில் நவமணி நின்றிருந்தார். பதிலை என்னிடமே விட்டுவிட்டார்.

"ரெண்டும்தானுங்க" என்றேன்.

அவர் முத்திரையை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார்.